பச்சையா? ஆரஞ்சா?



மலர்க் குழுவினர் ஒரு வாரமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, மேஜை நிறைய கவிதைதான் கிடக்கு. உருப்படியா ஏதாவது எழுதிக் குடு" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதையும் நான் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அப்பாவின் வண்டியைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்!

பழைய வண்டிக்கு எந்தக் கூலன்ட் ஊற்றுவது என்பதுதான் அந்த விஷயம். "இவ்வளவுதானா?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் வீட்டிலோ, தாத்தா வீட்டிலோ, பக்கத்துத் தோட்டத்திலோ ஒரு கிழட்டு வண்டி நின்றுகொண்டிருக்கும். டிப்ளமோ படிக்கிற பையன் என்று உங்களிடம்தான் கேட்பார்கள். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. நானாகப் போய்ச் செய்தேன் என்பதுதான் கொடுமை.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். அப்பாவுக்குத் திருவிழாக் கடை வியாபாரம். வளையல், கம்மல், ஹேர்பின், ஊதினால் கத்துகிற பொம்மை, சாவி கொடுத்தால் ஓடுகிற குரங்கு... எந்த ஊரில் தேர், எந்த ஊரில் தீமிதி என்று காலண்டர் முழுக்க அப்பா குறித்து வைத்திருப்பார். சரக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவது எங்கள் அம்பாசிடர். 1986 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. என்னைவிட இருபது வயது மூத்தது. பின்சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டால் ஒரு கடையே உள்ளே போகும்.

அந்த வண்டியின் ரேடியேட்டருக்கு அப்பா வைத்திருந்த வைத்தியம் விசித்திரமானது. போர் தண்ணீரைக் கிட்டேயே சேர்க்க மாட்டார். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ரெண்டு கேனில் பிடித்துத் தனியாக வைத்திருப்பார். அதில் லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் வாங்கி வந்த கட்டிங் ஆயிலைக் கொஞ்சம் கலந்து ஊற்றுவார். ஆமாம், நம் ஒர்க்‌ஷாப்பில் டர்னிங் போடும்போது பால் மாதிரி ஊற்றுகிறோமே, அதே கட்டிங் ஆயில்தான்! "துரு புடிக்காதுடா" என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

2023-ல் முதலாமாண்டு முடித்து லீவுக்கு வீட்டுக்குப் போனேன். நமக்குத்தான் தெரியுமே, முதலாமாண்டு எல்லாப் பிரிவுக்கும் பொதுப்பாடம். கணக்கு, இயற்பியல், வேதியியல், இங்கிலீஷ். ஆட்டோமொபைல் என்பது என் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஆனால் ஊருக்குப் போய் இறங்கியதும் நான் முழு இன்ஜினியர்! பானெட்டைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டருக்குள் டீ மாதிரி ஒரு கலங்கல். "என்னப்பா இது, கூலன்ட் ஊத்தாம இத்தனை வருசம் ஓட்டியிருக்கீங்க?" என்றேன். அப்பா வளையலை எண்ணிக்கொண்டே, "ஓடுதில்ல?" என்றார்.

டவுனில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று கலர் கலராக அடுக்கியிருந்தார்கள். இருப்பதில் விலை கூடியது ஆரஞ்சு. "இதுதான் தம்பி லேட்டஸ்ட், அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். எந்த வண்டிக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய கான்சன்ட்ரேட்டில் 2 லிட்டர், என் ஸ்காலர்ஷிப் காசில் வாங்கி வந்தேன். அப்பாவுக்கு ஒரு பரிசு தரப்போகிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது!

மறுநாள் அப்பா சரக்கு எடுக்கச் சேலம் போயிருந்த நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். ரேடியேட்டரின் டிரெயின் காக்கைத் திறந்து எல்லாவற்றையும் இறக்கினேன். போர் மோட்டார் ஓஸைச் செருகி முழு வேகத்தில் அடித்தேன். துருவும் சுண்ணாம்புச் செதிலுமாகக் கொட்டியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவில்லை. பிறகு 2 லிட்டர் ஆரஞ்சு, 2 லிட்டர் போர் தண்ணீர். 4 லிட்டரிலேயே வாய்வரை நிறைந்துவிட்டது. அந்த வண்டிக்கு ஏழு லிட்டர் பிடிக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. மீதி மூன்று லிட்டர் எங்கே? இன்ஜின் பிளாக்கில் தனியாக ஒரு டிரெயின் காக் இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. அப்பாவின் கட்டிங் ஆயில் தண்ணீர் உள்ளேயே அப்படியே நின்றிருந்தது.

அப்பா வந்து பார்த்தார். மூடியைத் திறந்து, விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். "பாயசமாட்டம் இருக்குது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஒரு மாதத்தில் லெவல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ரேடியேட்டரின் மேல் டேங்க் சேருகிற இடத்தில் வெள்ளையாகப் பூத்தாற்போல் ஒரு கோடு விழுந்திருந்ததாம். நான் காலேஜுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அப்பா போனில் அதைச் சொல்லவே இல்லை. பையன் ஆசையாகச் செய்தது, ஏன் மனசை நோகடிப்பானேன் என்று இருந்துவிட்டார்.

ஆடி வந்தது.

எங்கள் வீட்டுக்கு ஆடி பதினேழும் பதினெட்டும் தீபாவளியைவிடப் பெரிய நாட்கள். கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் கூட்டம் அலைமோதும். வருஷத்தில் அப்பாவுக்குப் பெரிய வியாபாரம் அந்த இரண்டு நாளில்தான். அதை நம்பித்தான் சரக்குக் கடன் வாங்கியிருப்பார். என் ஹாஸ்டல் பாக்கியும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து மேலே சோளக்காடு போக எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் முதல் கியர், இரண்டாவது கியர்தான். இன்ஜின் கத்தும், வண்டி மெதுவாகத்தான் போகும், ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. கூலன்ட்டுக்குப் பரீட்சை வைக்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல ஹால் கிடையாது! முப்பது வளைவு தாண்டியதும் ஊசி மெல்ல ஏற ஆரம்பித்தது. முப்பத்தெட்டாவது வளைவில் தித்திப்பாக ஒரு வாடை வந்தது. அடுத்த நிமிஷம் பானெட் இடுக்கிலிருந்து ஆவி.

அப்பா பதறவில்லை. அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். "தொடாதடா!" என்று ஒரு அதட்டல். அன்றைக்கு அவர் என்னை அதட்டியது அது ஒன்றுதான். முக்கால் மணி நேரம் காத்திருந்து, சாக்கை நாலாக மடித்து மேலே போட்டு, மூடியைக் கொஞ்சம் திருகி, ஆவி போகவிட்டு, அப்புறம்தான் திறந்தார். உள்ளே பாதிக்கு மேல் காலி. கேன் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அந்த வெள்ளைக் கோட்டிலிருந்து கண்ணீர் மாதிரி ஒழுகியது.

மேலே போகிற பஸ் ஒன்று வந்தது. கண்டக்டரிடம் கெஞ்சி, லக்கேஜ் போட்டு, ஐந்து மூட்டைச் சரக்கோடு அப்பா என்னை ஏற்றிவிட்டார். "நீ போயி எடத்தப் புடிச்சுக் கடையப் போடு சாமி. நான் பாத்துக்கிறேன்" என்றார். பஸ் அடுத்த வளைவில் திரும்பும்போது கீழே பார்த்தேன். திறந்த பானெட்டுக்கு முன்னால் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார்.

கடை போட்டேன். ஆனால் எந்த வளையல் என்ன விலை, எவ்வளவுக்கு இறங்கலாம், எந்த அக்காவிடம் சிரித்துப் பேச வேண்டும், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒரு பாட்டி நாற்பது ரூபாய் பொம்மையைப் பதினைந்துக்கு வாங்கிக்கொண்டு போனார். அப்பா ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. வழக்கமாக அந்த ஒரு நாளில் அவர் விற்பதில் மூன்றில் ஒரு பங்குகூட நான் விற்கவில்லை. அப்பா பணத்தை எண்ணிப் பார்த்தார். "பரவால்ல உடு, நாளைக்கு இருக்குதில்ல" என்றார்.

நான்காம் தேதி காலையில் வண்டியை இறக்கினோம். இறக்கத்தில் இன்ஜினுக்குச் சுமை குறைவு, சூடும் குறைவு. நின்று நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே நாமக்கல்லில் ஒரு ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். லாரி ஊர் அல்லவா, ரேடியேட்டர் வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கடைக்காரப் பெரியவர் ரேடியேட்டரைக் கழற்றி, மேல் டேங்க் ஓரத்தில் நெருப்புக் காட்டி, ஈயப்பத்தை உருக்கித் திறந்தார். குழாய்களின் வாயில் பழுப்பாகக் கூழ் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. பத்த வைத்த ஈயம் பல இடத்தில் வெளுத்துப்போய், நகத்தால் கீறினால் உதிர்ந்தது.

"ஏனுங்க, இது யாரு ஊத்துனது?" என்றார் பெரியவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "நாந்தானுங்ணா. தெரியாம ஊத்திப்புட்டேன்."

நண்பர்களே, நான் இதுவரை ஒரு அரியர்கூட வைத்ததில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்ற மாதிரி தலைகுனிந்து நான் எங்கும் நின்றதில்லை.

பெரியவர் விளக்கினார். எங்கள் ரேடியேட்டர் பித்தளையும் செம்பும், ஒட்டியிருப்பது ஈயம். இப்போதைய வண்டிகளில் இருப்பது அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும். அதில் ஈயப்பத்தே கிடையாது. "இந்த ஆரஞ்சு அதுக்குன்னு வந்ததுங்க. நம்மளுதுக்குப் பச்சைதான். அதும் போக, நீங்க ஓஸ்ல வேகமா அடிச்சதுல பழைய பாசை எல்லாம் போயிருச்சு. அந்தப் பாசைதான் பாதி ஓட்டைய அடைச்சு வெச்சிருந்துச்சு" என்றார். கோருக்கு ராடு அடித்து, மறுபடியும் பத்த வைத்து, மேல் ஓஸ் மாற்றி, புது மூடி போட்டு 3,800 ரூபாய் ஆனது.

காலேஜுக்குத் திரும்பியதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் துறை சாரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இதில் பாதியாவது உங்கள் வைவாவுக்கு உதவும்.

கூலன்ட் என்றால் குளிர வைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரை அது வெல்ல முடியாது. எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதி கலந்தால் தன்வெப்பம் குறைந்துதான் போகிறது. கொதிநிலை மட்டும் 100-லிருந்து சுமார் 107 டிகிரிக்கு ஏறும். குளிர் நாட்டில் உறையாமல் இருக்கக் கிளைக்கால் தேவை. நம் நாமக்கல்லில் எது உறையப்போகிறது? நமக்கு வேண்டியது அதில் சேர்த்திருக்கிற துருத் தடுப்பு ரசாயனங்கள்தான். பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் வித்தியாசம் வருவது அங்கேதான்.

பழைய முறைப் பச்சைக் கூலன்ட்டில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். ஊற்றிய உடனேயே உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய போர்வை போர்த்திவிடும். செம்புக்கும் பித்தளைக்கும் டிரையசோல் வகை ரசாயனம் தனியாகக் காவல் இருக்கும். ஆனால் சிலிக்கேட் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். கரிம அமில வகை வேறு மாதிரி. அது எல்லா இடத்திலும் போர்த்தாது. அரிப்பு ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் போய் வேலை செய்யும், அதனால் ஐந்து வருஷம் தாங்கும். 1995-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வகையை டெக்ஸ்கூல் என்ற பெயரில் ஆரஞ்சு நிறத்தில் கொண்டுவந்தது. அலுமினியம் நிறைந்த வண்டிக்கு அது நல்ல சரக்கு. ஈயப்பத்து நிறைந்த பழைய ரேடியேட்டருக்கு அதன் பாதுகாப்பு போதாது. பழைய ரப்பர், கேஸ்கட் வகைகளில் சிலவற்றுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை.

கூலன்ட்டைச் சோதிக்கிற முறை ஒன்றைச் சார் காட்டினார். ஏ.எஸ்.டி.எம். டி 1384 என்று பெயர். செம்பு, ஈயப்பத்து, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் என்று ஆறு உலோகத் துண்டுகளைக் கோத்து, கூலன்ட்டில் முக்கி, 88 டிகிரி சூட்டில் 336 மணி நேரம், அதாவது இரண்டு வாரம், காற்று ஊதிக்கொண்டே வைத்திருப்பார்கள். பிறகு ஒவ்வொரு துண்டும் எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பார்கள். அந்த ஆறையும் படித்தபோது எங்கள் வண்டியை மனசுக்குள் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் பித்தளை, செம்பு, ஈயம். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தால் ஆரஞ்சைத் தொட்டிருக்கவே மாட்டேன். மெக்கானிக்கல் பிரிவு நண்பன் ஒருவன் வீட்டில் பிரீமியர் பத்மினி இருக்கிறது. அதற்குப் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அவனுக்கும் சிலிக்கேட் உள்ள பச்சைதான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று, "பச்சை" என்று நான் சொல்வதைக் கண்ணால் பார்த்து நம்பிவிடாதீர்கள்! கலர் என்பது வெறும் சாயம்தான். எந்தக் கம்பெனி எந்த வகைக்கு எந்தச் சாயம் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பச்சை நிறத்திலேயே கரிம அமில வகையும் விற்கிறார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா, ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 மாதிரி தர எண் இருக்கிறதா, கான்சன்ட்ரேட்டா ரெடிமிக்ஸா என்றெல்லாம் பார்க்க வேண்டும். புது வண்டி வைத்திருப்பவர்கள் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். இந்தக் கட்டுரையைக் காட்டி வாதம் செய்ய வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் அப்பா சொன்னதுதான் சரி. எங்கள் ஊர்ப் போர் தண்ணீர் கடினநீர். சூடானால் சுண்ணாம்பு படியும், கூலன்ட்டில் பாஸ்பேட் இருந்தால் அதோடும் சேர்ந்து இறுகும். காவிரித் தண்ணீர் அதற்கு எவ்வளவோ மேல். எல்லாவற்றையும்விட நல்லது பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். கட்டிங் ஆயில் விஷயத்திலும் அப்பாவைப் பார்த்துச் சிரித்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அந்தக் காலத்தில் துருவைத் தடுக்க அதை ரேடியேட்டரில் கலப்பது பலரும் செய்ததுதானாம். எண்ணெய்ப் படலம் துருவைத் தடுக்கும். ஆனால் அதே படலம் வெப்பம் கடத்துவதையும் கெடுக்கும், ரப்பர் ஓஸையும் ஊற வைக்கும். எங்கள் மேல் ஓஸ் ஏன் பஞ்சு மாதிரி இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்து வைத்து அதை ஈடுகட்டுவது அந்தச் சின்ன மூடியும் அதன் ஸ்பிரிங்கும்தான். எங்கள் பழைய மூடியின் ரப்பர் வளையம் பாதி தின்றுபோயிருந்தது. நான் வாங்கிய ஆரஞ்சுக் கூலன்ட்டின் விலையில் பல மூடி வாங்கியிருக்கலாம்!

ஆக, தவறான கூலன்ட், போர் தண்ணீர், உள்ளே நின்ற கட்டிங் ஆயில், ஓஸ் அடித்தது, தேய்ந்த மூடி... இதில் எது எத்தனை சதவீதம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சாரும் சொல்ல முடியாது என்றார். ஐந்தில் நான்கு என் கைவேலை என்பது மட்டும் நிச்சயம்.

அதே ஆவணியில் ஒரு வார லீவில் போய் மறுபடியும் செய்தேன். இந்த முறை அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! பிளாக் டிரெயின் காக் துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊற வைத்து அப்பாதான் திறந்தார். இரண்டு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு இறக்கினோம். இறக்கியதைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்து மூடி வைத்தோம். கிளைக்கால் தித்திப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கிவிடும். அது கொடிய விஷம். கடைசியாக சிலிக்கேட் வகைப் பச்சைக் கான்சன்ட்ரேட் இரண்டரை லிட்டர், மீதி டிஸ்டில்டு வாட்டர். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று டப்பாவில் போட்டிருந்தது. இந்தத் தடவை ஏழு லிட்டர் பிடித்தது.

விலை எவ்வளவு என்று அப்பா கேட்டார். சொன்னேன். "ஆரஞ்ச விடக் கம்மியா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

2024 ஆடிக்கு மறுபடியும் கொல்லிமலை ஏறினோம். முப்பத்தெட்டாவது வளைவு வந்தபோது அப்பா என்னைப் பார்த்தார், நான் ஊசியைப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. சோளக்காட்டில் வண்டியை நிறுத்தி, ஆறிய பிறகு மூடியைத் திறந்தோம். லெவல் அப்படியே இருந்தது. அப்பா மூடியைத் திருப்பி மாட்டிவிட்டு, பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தைத் துணியால் துடைத்தார். சரக்கு மூட்டைகளில் விலை எழுதுகிற அதே மார்க்கரில், அதே கோணல் எழுத்தில் அவர் எழுதி ஒட்டியது:

"பச்சை. 2023 ஆவணி ஊத்தினது. 2025 ஆவணி மாத்தணும். போர் தண்ணி ஆகாது. தம்பியக் கேட்டுச் செய்யவும்."

- மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு